சிறிய அமைப்புக்கு ஏற்ற தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பதிவேடுகளைக் கணினிக்கு மாற்றலாம் என்று ஒரு சிறிய அமைப்பு முடிவெடுத்தவுடன், எந்தத் தரவுத்தளத்தை, அதாவது பதிவுகளை ஒழுங்காகச் சேமித்துத் தேடித் தரும் எந்த மென்பொருளை வாங்குவது என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. அந்தக் கேள்வியைச் சில நாட்கள் தள்ளி வையுங்கள் என்பதே என் வேண்டுகோள். இப்போது ஆர்வத்தோடு நிறுவித் தருபவர் நாளை விலகிச் சென்றால், அதன் பிறகு இதை யார் பார்த்துக்கொள்வார் என்பதற்கு விடை கிடைத்த பிறகே மென்பொருளின் பெயரைப் பேச வேண்டும். திறமையானவர் ஒருவர் உருவாக்கிக் கொடுத்துவிட்டுப் போன கோப்பின் கடவுச்சொல் யாருக்கும் தெரியாமல், ஆறு ஆண்டுப் பதிவுகளைக் காகிதத்திலிருந்து மறுபடியும் தட்டச்சு செய்த ஓர் அமைப்புக்கு நான் உதவியிருக்கிறேன். அங்கே மென்பொருளில் எந்தக் குறையும் இருக்கவில்லை.

தன்னார்வலர்கள் நடத்தும் ஒரு சிறிய நூலகத்தை இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதில் 400 உறுப்பினர்களும் 3,000 நூல்களும் இருக்கின்றன. மூன்று பேர் மாறி மாறிப் பதிவு செய்கிறார்கள். உங்கள் அமைப்பு வேறு வகையானது என்றாலும் படிகள் மாறுவதில்லை.

முதல் படி: தாளில் எழுதுங்கள்

கணினியைத் திறக்காமல், ஒரு தாளில் நீங்கள் எவற்றைப் பற்றிய விவரங்களை வைத்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். நூலகத்திற்கு அவை உறுப்பினர், நூல், இரவல் என்ற மூன்று. அடுத்து, அந்த விவரங்களிடம் நீங்கள் கேட்கப்போகும் கேள்விகளை எழுதுங்கள். 'இன்று திரும்ப வேண்டிய நூல்கள் எவை?', 'ஓராண்டாக ஒருவரும் எடுக்காத நூல்கள் எவை?' என்பன போன்ற பத்துக் கேள்விகள் போதும். இந்தத் தாளைக் கடைசிப் படி வரை பத்திரமாக வைத்திருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் எழுதினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஓர் உறுப்பினர் ஐந்து நூல்களை எடுத்தால் அவருடைய பெயரும் தொலைபேசி எண்ணும் ஐந்து வரிகளில் பதிவாகும். அவர் எண்ணை மாற்றிக்கொண்டதும் ஒருவர் மூன்று வரிகளைத் திருத்துகிறார், இரண்டு வரிகள் விடுபட்டுப் போகின்றன. அடுத்த மாதம் நினைவூட்டல் பழைய எண்ணுக்குப் போகிறது. 1970இல் கணினி அறிவியலாளர் எட்கர் காட் முன்வைத்த தொடர்புசார் தரவு மாதிரி, அதாவது விவரங்களைத் தனித்தனி அட்டவணைகளில் வைத்து எண்களால் இணைக்கும் முறை, இந்தச் சிக்கலுக்கு வழி காட்டியது. அதன்படி தொலைபேசி எண் உறுப்பினர் அட்டவணையில் ஒரே ஒரு முறைதான் இருக்கும். இரவல் அட்டவணையில் உறுப்பினரைக் குறிக்க அவருடைய உறுப்பினர் எண் மட்டும் இருக்கும்.

தாளில் எழுதும்போதே சில மறைந்த பொருள்கள் தலைகாட்டும். ஒரே நூலின் இரண்டு பிரதிகள் இருந்தால், எந்தப் பிரதி யாரிடம் இருக்கிறது என்பதைத் தலைப்பை வைத்துச் சொல்ல முடியாது. ஆகவே 'நூல்' வேறு, 'பிரதி' வேறு. நமக்கு மூன்றல்ல, நான்கு அட்டவணைகள் தேவை. இதை மென்பொருள் வாங்கிய பிறகு கண்டுபிடிப்பதைவிடத் தாளில் கண்டுபிடிப்பது எவ்வளவோ நல்லது.

இரண்டாம் படி: எக்செல் போதுமா என்று பாருங்கள்

ஒரே பட்டியல், அதில் எழுதுபவர் ஒருவர் என்றால் எக்செல் போன்ற விரிதாளே போதும். அதில் தயங்க எதுவும் இல்லை. இன்றைய எக்செல் தாளில் 10,48,576 வரிசைகள் வரை எழுதலாம், 2007க்கு முந்தைய கோப்பு வடிவத்தில் 65,536 மட்டுமே. 2020இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 16,000 கொரோனா தொற்றுப் பதிவுகள் கணக்கில் சேராமல் போனதற்கு அந்தப் பழைய வடிவத்தின் வரம்பே காரணம்.

சிறிய அமைப்புகளை வருத்துவது இந்த வரம்பு அன்று. பூச்சியத்தில் தொடங்கும் எண்ணைத் தட்டினால் முன்னிருக்கும் பூச்சியம் காணாமல் போகிறது. '3-4' என்ற அலமாரி எண் தேதியாக மாறிவிடுகிறது. ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்தினால் ஒருவருடைய பெயருக்கு எதிரே இன்னொருவருடைய எண் வந்து நிற்கிறது. இரண்டுக்கு மேற்பட்ட பட்டியல்கள் ஒன்றோடொன்று தொடர்புடையவையாக இருந்தாலோ, இருவர் ஒரே நேரத்தில் எழுதினாலோ, தரவுத்தளத்திற்கு மாறும் காலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

மூன்றாம் படி: யார், எங்கிருந்து எழுதுகிறார்கள்?

ஒரே கணினியா, ஒரே அறையில் பல கணினிகளா, வெவ்வேறு இடங்களா என்பதை முடிவு செய்யுங்கள். முதல் வகைக்கு ஒரே கோப்பாக இருக்கும் தரவுத்தளம் போதும். மற்ற இரண்டுக்கும் சர்வர் வகைத் தரவுத்தளமோ (பல கணினிகள் வந்து இணையும் ஒரு பொதுக் கணினியில் இயங்குவது) இணையவழிச் சேவையோ தேவைப்படும்.

நான்காம் படி: தயாராக இருப்பதை முதலில் தேடுங்கள்

தொடக்கநிலையாளர்கள் பெரும்பாலும் தவறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். மைஎஸ்க்யூஎல், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ்க்யூஎல், எஸ்க்யூலைட் ஆகியவை இலவசமாகக் கிடைப்பவை, நம்பகமானவை. ஆனால் அவை தரவைச் சேமித்துத் தேடித் தரும் இயந்திரங்கள் மட்டுமே. உறுப்பினர் பெயரைத் தட்டுவதற்கான படிவமோ, அச்சிடத்தக்க அறிக்கையோ அவற்றோடு வருவதில்லை. அவற்றை ஒருவர் நிரல் எழுதி உருவாக்க வேண்டும், பிறகு பராமரிக்கவும் வேண்டும். இயந்திரத்தை மட்டும் நிறுவிவிட்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பவர்கள் பலர்.

எனவே உங்கள் வேலைக்கென்றே உருவான மென்பொருள் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். நூலகங்களுக்கு, நியூசிலாந்தில் உருவாகி 2000ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்த 'கோஹா' இருக்கிறது. உறுப்பினர்களையும் நன்கொடைகளையும் நிர்வகிக்கும் அமைப்புகளுக்கு 'சிவிசிஆர்எம்' இருக்கிறது. இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள், அதாவது மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பவை. இரண்டும் உள்ளுக்குள் மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபியைப் பயன்படுத்துபவை. ஆயினும் சர்வரில் நிறுவிப் பராமரிக்க ஒருவர் வேண்டும், அல்லது அந்தப் பணியைக் கட்டணத்திற்குச் செய்து தரும் சேவையை நாட வேண்டும். யார் பார்த்துக்கொள்வார் என்று முன்னே சொன்ன கேள்வி இங்கே மறுபடியும் வருகிறது.

அப்படி எதுவும் பொருந்தாவிட்டால், ஒரே கணினியில் விண்டோஸ் பயன்படுத்துபவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் ஏற்றது. அட்டவணை, படிவம், அறிக்கை மூன்றும் அதிலேயே கிடைக்கின்றன; கோப்பு 2 ஜிபியைத் தாண்டக் கூடாது, நம் நூலகத்திற்கு அது தாராளம். உரிமக் கட்டணம் வேண்டாம் என்பவர்களுக்கு லிப்ரேஆபிஸ் பேஸ் இருக்கிறது. பல இடங்களிலிருந்து எழுதுபவர்களுக்கு, நிரல் எழுதாமலே அட்டவணைகளை இணைக்க உதவும் ஏர்டேபிள், பேஸ்ரோ போன்ற இணையவழிச் சேவைகள் ஏற்றவை.

நிரல் எழுதத் தெரிந்தவர் நிலையாக உடன் இருந்தால் மட்டும் இயந்திரங்களை நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு கணினிக்கு எஸ்க்யூலைட் மிக எளிது. முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு. ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். அந்தக் கோப்பை வலையமைப்பில் பகிர்ந்த கோப்புறையில் வைத்துப் பலர் திறந்தால் பழுதாகும் அபாயம் உண்டு. பலர் எழுதுவதானால் என் தேர்வு போஸ்ட்கிரெஸ்க்யூஎல். அதன் ஒவ்வொரு முதன்மைப் பதிப்புக்கும் 5 ஆண்டுகள் வரை திருத்தங்கள் வெளியாகின்றன என்பதால் மேம்படுத்தலை முன்கூட்டியே திட்டமிட முடிகிறது.

ஐந்தாம் படி: தமிழில் சோதியுங்கள்

விளம்பரப் பக்கத்தில் 'யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியெண் தரும் முறை) ஆதரவு உண்டு' என்று இருப்பது போதாது. 'அவ்வை', 'அழகன்' என்ற இரண்டு பெயர்களைப் பதிந்து அகரவரிசைப்படுத்துங்கள். தமிழ் நெடுங்கணக்கில் வகரத்துக்குப் பிறகே ழகரம் வருவதால் அவ்வை முதலில் வர வேண்டும். யூனிகோடு அட்டவணையிலோ ழகரத்தின் குறியெண் வகரத்துக்கு முன்னால் இருக்கிறது. குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருள் அழகனை முதலில் நிறுத்தும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் ஐசியு என்ற மொழிவாரி வரிசை விதிகளின் தொகுப்பு வழித் தமிழ் வரிசை முறையைத் தேர்ந்தெடுத்து இதைச் சரிசெய்யலாம். பெயர்ப் பட்டியலை அச்சிட்டுப் பயன்படுத்தும் அமைப்புக்கு இது சின்ன விஷயம் அன்று.

ஆறாம் படி: வெளியேறும் வழியைப் பாருங்கள்

சோதனைக் காலத்தின் முதல் நாளிலேயே, இருபது பதிவுகளை இட்டு, அவற்றை சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பு) வெளியே எடுத்துப் பாருங்கள். எல்லா அட்டவணைகளும் வந்தனவா, அவற்றை இணைக்கும் எண்களும் கூடவே வந்தனவா என்று சரிபாருங்கள். கோப்பை எக்செலில் நேரடியாகத் திறக்கும்போது தமிழ் எழுத்துகள் உடைந்து தெரிந்தால் பதற வேண்டாம். இறக்குமதி வழியே சென்று யுடிஎஃப்-8 என்ற யூனிகோடு எழுத்து வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தரவை முழுமையாக வெளியே தராத மென்பொருளை, மற்ற வசதிகள் எவ்வளவு இருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏழாம் படி: காப்பு நகலை மீட்டுப் பாருங்கள்

மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்புச் சாதனங்கள், ஒரு நகல் வேறு இடத்தில் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. அது அவசியம்தான், ஆனால் நகல் எடுக்கப்படுகிறது என்ற நம்பிக்கை நகல் ஆகாது. 2017 ஜனவரி 31 அன்று நிரலாளர்களுக்கு இணையச் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். நகல் எடுக்கும் கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாததால் வழக்கமான நகல்கள் உருவாகாமலே இருந்தன. அதை எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் உரியவர்களைச் சென்று சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு பிரதியே அவர்களைக் காப்பாற்றியது.

ஆகவே நிறுவியவரல்லாத இன்னொருவரிடம் காப்பு நகலையும், மீட்கும் முறையை எழுதிய ஒரு பக்கக் குறிப்பையும், வேறொரு கணினியையும் கொடுங்கள். அருகில் நின்று உதவாதீர்கள். அவர் மீட்டெடுத்த தரவுத்தளத்தில், முதல் படியில் எழுதிய தாளை வைத்துக்கொண்டு, இன்று திரும்ப வேண்டிய நூல்கள் எவை என்று கேட்கட்டும். நகல் எடுத்த அன்று அசலிலிருந்து அச்சிட்டு வைத்த பட்டியலோடு ஒப்பிடட்டும். அவர் எந்த இடத்தில் திகைத்து நின்றாரோ அந்த இடத்தில் குறிப்பைத் திருத்தி எழுதி, அடுத்த வாரம் மூன்றாமவரிடம் கொடுங்கள்.