பக்கத்து மனையில் அடுக்குமாடி வரப்போகிறதா? உங்கள் கையில் இருப்பது 21 நாள்

2025 நவம்பர் 4ஆம் தேதி நியூயார்க் நகரத்து மக்கள் மேயரைத் தேர்ந்தெடுக்கப் போனபோது, அதே வாக்குச்சீட்டில் வீடு கட்டும் அனுமதியைப் பற்றியும் மூன்று கேள்விகள் இருந்தன. மலிவு விலை வீடுகளுக்கு அனுமதியை வேகப்படுத்தலாமா, சின்னக் கட்டடங்களுக்கான பரிசீலனையைச் சுருக்கலாமா, நகர மன்றம் ஒரு மலிவு வீட்டுத் திட்டத்தை மறுத்தால் அதை மறுபடி எடுத்துப் பார்க்க மேயர், மன்றத் தலைவர், வட்டாரத் தலைவர் என மூவர் குழு வைக்கலாமா என்பவை அந்தக் கேள்விகள். தங்கள் அதிகாரம் போகிறது என்று நகர மன்றமே எதிர்த்தது, மக்கள் மூன்றுக்கும் சரி சொல்லிவிட்டார்கள். எங்கள் ஃப்ளாட் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு தம்பி இந்தச் செய்தியைப் போட்டு, "நமக்கு இந்த மாதிரி ஓட்டு எப்போ வரும்ண்ணே?" என்று கேட்டார். குழுவிலேயே பதில் எழுத ஆரம்பித்து, நீண்டுபோனதால் தனியாக எழுதுகிறேன்.

மலேசியாவில், பினாங்கில் இருக்கும் நமக்கு அந்த வாக்குச்சீட்டு இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. 1951 டிசம்பரிலேயே ஜார்ஜ் டவுனில் நகராண்மைக் கழகத்துக்கு ஓட்டுப் போட்டார்கள், 1957இல் ஊர் மாநகரானபோது முதல் மேயராக உட்கார்ந்தவர் நம்மவர், டி. எஸ். இராமநாதன். இந்தோனேசியாவோடு மோதல் நடந்த நேரத்தில், 1965இல், ஊராட்சித் தேர்தலை நிறுத்தினார்கள், 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அதை அடியோடு எடுத்துவிட்டது. பினாங்கு அரசு 2012இல் தனியாக ஒரு சட்டம் போட்டுத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தது, 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. ஆக, மாநகர் மன்றத்தில் இருக்கும் கவுன்சிலர்கள் எல்லாரும் நியமனம்தான். பக்கத்து மனையில் என்ன கட்டலாம் என்பதில் சட்டம் நம் கையில் கொடுத்திருப்பது ஒரே ஒரு காகிதம். அதற்குப் பெயர் பந்தாஹான், ஆட்சேபக் கடிதம். அதைப் போட 21 நாள் தருகிறார்கள்.

அந்த 21 நாளை நாங்கள் எப்படிக் கிட்டத்தட்ட கோட்டைவிட்டோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெலுத்தோங் பக்கம் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டுக்கு எதிரே ஒரு காலி மனை. அங்கே கட்ட அனுமதி கேட்டிருக்கிறார்கள், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்ற அறிவிப்புக் கடிதம் எங்கள் நிர்வாக அலுவலகத்துக்கு வந்திருக்கிறது, யாரோ வாங்கி, தண்ணீர் பில் கோப்புக்கு அடியில் வைத்துவிட்டார்கள். மூன்றாவது மாடி அக்கா பராமரிப்புக் கட்டண ரசீது தேடப்போனபோதுதான் அது கையில் தட்டுப்பட்டது. தேதியைப் பார்த்தால் 16 நாள் போய்விட்டது. மிச்சம் இருந்த ஐந்து நாளில் நாங்கள் ஓடிய ஓட்டத்தை நீங்கள் ஓட வேண்டாம். இன்றைக்கே உங்கள் நிர்வாகக் குழுவிடம் போய், மாநகர் மன்றத்திடமிருந்தோ மேம்பாட்டு நிறுவனத்திடமிருந்தோ வந்து பிரிக்காமல் கிடக்கும் கடிதம் ஏதாவது உண்டா என்று கேளுங்கள். வந்த அன்றே படம் எடுத்துப் புலனக் குழுவில் போட வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் எழுதிவையுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அறிவிப்பு வீட்டு உரிமையாளர் பெயருக்குத்தான் வரும், அவர் சிங்கப்பூரில் இருந்தால் உங்களுக்குத் தெரியவே வராது, அவரிடம் சொல்லிவையுங்கள்.

யாருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பதை 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172, பிரிவு 21 சொல்கிறது. எல்லை ஒட்டிய நிலத்துக்காரர் ஒருவர். நடுவில் சாலையோ சந்தோ சாக்கடையோ ஒதுக்கு நிலமோ இருந்தாலும் அதன் அகலம் 20 மீட்டரைத் தாண்டாவிட்டால் அந்தப் பக்கத்துக்காரரும் அண்டை நிலத்துக்காரர்தான். அந்த மனைக்குப் போகும் பாதை முட்டுச்சந்தாக இருந்து, அதே பாதையை நீங்களும் பயன்படுத்தினால், 200 மீட்டருக்குள் நிலம் வைத்திருப்பவர்களும் சேர்வார்கள். எங்களுக்கும் அந்த மனைக்கும் நடுவில் சாலை. 20 மீட்டர் இருக்குமா இருக்காதா என்று இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் கீழ்வீட்டு அங்கிள், பொதுப்பணியில் இருந்து ஓய்வு பெற்றவர், காலை ஆறு மணிக்குக் கார் வருவதற்கு முன்னால் இரும்பு டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். நான் இந்த முனையைப் பிடித்தேன், அவர் அந்த முனைக்கு நடந்தார். 14 மீட்டர் சொச்சம். அதைத் தேதி போட்டுப் படம் எடுத்துக் கடிதத்தோடு இணைத்தோம். உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் நீங்களும் அளந்துவிடுங்கள்.

இதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. இந்த அண்டை வீட்டு அறிவிப்பைச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது உள்ளூர்த் திட்டம், ரன்சாங்கான் தெம்பாத்தான், நடைமுறைக்கு வராத பகுதிக்குத்தான். திட்டம் அரசிதழில் வந்துவிட்டால், இந்த மனையில் இவ்வளவு அடர்த்தி, அதாவது இத்தனை வீடு, வரலாம் என்று அங்கேயே முடிவாகிவிட்டது என்று அர்த்தம், அப்புறம் தனித்தனியாக உங்களைக் கேட்க வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. ஆகவே மாநகர் மன்றத்தில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எங்கள் பகுதிக்கு உள்ளூர்த் திட்டம் நடைமுறையில் இருக்கிறதா, அதில் இந்த லாட் (மனை) எந்த மண்டலம், எவ்வளவு அடர்த்தி?" என்பதுதான். எப்போதாவது அந்தத் திட்டத்தின் வரைவையோ திருத்தத்தையோ பொதுமக்கள் பார்வைக்கு வைத்தால், கருத்துச் சொல்ல நான்கு வாரத்துக்குக் குறையாமல் நேரம் தர வேண்டும், அப்போது போய்ப் பாருங்கள். வண்ண வண்ணமாக வரைபடம் போட்டுவைத்திருப்பார்கள், ஆள் வராமல் மண்டபம் காலியாக இருக்கும். நம் தலைவிதியை எழுதுகிற இடம் அது. 2009இல் கெலுகோரில் நம்மவர்கள் வாழ்ந்த கம்போங் புவா பாலாவில் வீடுகள் இடிபட்டபோது நாமெல்லாம் பதறினோம், ஆனால் அதற்கு முன்பே அந்த நிலம் காகிதத்தில் கைமாறியிருந்தது.

சரி, அறிவிப்பு வந்துவிட்டது. மறுநாளே இரண்டு பேராகப் போங்கள். அறிவிப்பின் நகல், அடையாளக் கார்டு, வீட்டு வரி பில் எடுத்துக்கொள்ளுங்கள், லாட் எண்ணும் முக்கிம் (நிலப் பதிவு வட்டாரம்) பெயரும் கோப்பு எண்ணும் ஒரு தாளில் தனியாக எழுதிக்கொள்ளுங்கள், கவுண்டரில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். விண்ணப்பத்தின் தள வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். எத்தனை மாடி, மொத்தம் எத்தனை வீடு, கார் நிறுத்த எத்தனை இடம், வண்டி உள்ளே போகும் வாசல் எந்தச் சாலையில், மழைநீர் எந்தக் கால்வாயில் விழுகிறது, இவற்றை எழுதிக்கொண்டு வாருங்கள். படம் எடுக்க விடாவிட்டால் பென்சிலில் வரைந்துகொள்ளுங்கள், நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

அப்புறம் மலிவு விலை வீடு. எனக்கு இதில் ஒரு நிலைப்பாடு இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. மலிவு வீடு வேண்டாம் என்று கையெழுத்துக் கேட்டு யாராவது வந்தால் நான் போடமாட்டேன். இந்தத் தீவில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் வாடகை கட்ட முடியாமல் பாலம் தாண்டிப் பெருநிலத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள், இரண்டு அறையில் மூன்று தலைமுறை இருக்கும் குடும்பங்கள் எங்கள் ஃப்ளாட்டிலேயே உண்டு. ஆகவே ஆட்சேபக் கடிதத்தை நாங்கள் வீட்டை நிறுத்தப் பயன்படுத்தவில்லை, வீட்டைச் சரியாகக் கேட்கப் பயன்படுத்தினோம். பினாங்கில் இவற்றை ஏ, பி, சி என்று வகை பிரித்திருக்கிறார்கள். ஏ வகை 42,000 வெள்ளி (ரிங்கிட்), பி வகை 72,500 வெள்ளி, சி வகை லட்சக்கணக்கில் போகும். "மலிவு வீடு கட்டுகிறோம்" என்று விளம்பரத்தில் போட்டால் அது எந்த எழுத்து என்று கேளுங்கள். துப்புரவு வேலை செய்யும் ஒரு குடும்பத்துக்கு ஏ வகையும் சி வகையும் ஒன்றல்ல. மொத்த வீட்டில் எத்தனை ஏ, எத்தனை பி, இதே மனையில் கட்டுகிறார்களா வேறு எங்காவதா, அல்லது கட்டாமல் பணமாகச் செலுத்திவிடுகிறார்களா, மலிவு வீட்டுக் கட்டடத்துக்கு எத்தனை லிஃப்ட், அவர்களுக்கும் அதே வாசலா பின்பக்கச் சந்தா, இதையெல்லாம் கடிதத்தில் நிபந்தனையாகக் கேட்கலாம். ஆதரவாகவும் எழுதலாம், யாரும் தடுக்கவில்லை.

காரணங்கள் எழுதும்போது திட்டமிடல் அதிகாரி எடுத்துக்கொள்ளக்கூடியதை எழுதுங்கள். போக்குவரத்து, கார் நிறுத்தம், கால்வாய் கொள்ளளவு, வெள்ளம், தீயணைப்பு வண்டி நுழையும் அகலம், பள்ளி, கோயில், விளையாட்டுத் திடல், அடர்த்தி, மலைச்சரிவு. "எங்கள் வீட்டு விலை விழுந்துவிடும்", "யார் யாரோ குடிவருவார்கள்" என்று எழுதினால் கடிதத்தின் மதிப்புதான் விழும், அப்படி எழுதுவது தப்பும்கூட, நேற்று நாமும் அந்த யார் யாரோதான். மழை பெய்தால் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்பதற்குப் படம் இருந்தால் பத்து வரி எழுதுவதைவிடப் பலம். எங்கள் பூச்சட்டிக்கார பாட்டி 2017 நவம்பர் வெள்ளத்தில் தன் வாசற்படியில் சாக்குக்கட்டியால் போட்ட கோட்டை அப்புறம் பெயின்ட்டால் நிரந்தரமாக்கி வைத்திருந்தார், அதன் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து இணைத்தோம்.

மலையடிவாரத்தில் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். பினாங்கில் 76 மீட்டருக்கு மேல் உள்ள நிலத்தையும் 25 பாகைக்கு மேல் சரிவுள்ள நிலத்தையும் மலை நிலம் என்று வைத்திருக்கிறார்கள். உங்கள் மனை இதில் வருகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். 2017 அக்டோபர் 21ஆம் தேதி தஞ்சோங் பூங்காவில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் புதைந்து இறந்தார்கள். அங்கே எழும்பிக்கொண்டிருந்ததும் மலிவு விலை வீடுதான். ஏழைக்கு வீடு என்ற பெயரில் ஏழைத் தொழிலாளியை மண்ணுக்குள் அனுப்புவதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

கடிதத்தை மலாயில் எழுதுங்கள். தலைப்பு: "பந்தாஹான் தெர்ஹாடாப் பெர்மொஹோனான் கெபெனாரான் மெரன்சாங்", அதாவது திட்டமிடல் அனுமதி விண்ணப்பத்துக்கு ஆட்சேபம், அடுத்து கோப்பு எண், லாட் எண், முக்கிம். முதல் பத்தியில் நீங்கள் யார், எந்த வீட்டின் உரிமையாளர், மனையிலிருந்து எவ்வளவு தூரம். பிறகு ஒரு பத்திக்கு ஒரு காரணம். கடைசியில் மறக்காமல் ஒரு வரி: என்னை நேரில் விசாரணைக்கு அழைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒரே மனுவில் 200 கையெழுத்து வாங்குவது சுலபம்தான், ஆனால் அது ஒரு கடிதமாகப் போய்விடக்கூடும். வீட்டுக்கு ஒரு கடிதமாக, ஒவ்வொரு உரிமையாளரும் தன் பெயரில் கையெழுத்திட்டுக் கொடுப்பது நல்லது. மலாய் எழுதத் தடுமாறுபவர்களுக்குப் படிவம் ஆறு படிக்கும் பிள்ளைகளை உட்கார வைத்தோம், இரண்டு இரவில் 43 கடிதம் தயாரானது.

நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள், இரண்டு நகலோடு. உங்கள் நகலில் "தித்தெரிமா" (பெறப்பட்டது) முத்திரையும் தேதியும் விழுகிற வரை கவுண்டரை விட்டு நகராதீர்கள். எங்களுக்கு ஒரு கட்டுக் கடிதத்தில் முத்திரை மங்கலாக விழுந்தது, தேதியே தெரியவில்லை, அக்கா மறுபடி வரிசையில் நின்று இன்னொரு முறை குத்தி வாங்கினார். சனி, ஞாயிறு, தீபாவளி எல்லாம் சேர்த்தே 21 நாளை எண்ணிக்கொள்ளுங்கள், கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. நாளைக்கு மன்றம் அனுமதி கொடுத்துவிட்டால், பிரிவு 23இன்படி மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகிற உரிமை அண்டை வீட்டுக்காரர்களில் ஆட்சேபம் போட்டவருக்குத்தான் உண்டு. போடாதவர் எவ்வளவு பாதிக்கப்பட்டாலும் அந்த வாசலில் நுழைய முடியாது. முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதம்தான் அதற்கும் அவகாசம், அந்தக் கட்டத்தில் வழக்கறிஞரைப் பாருங்கள்.

விசாரணைக்கு அழைப்பு வந்தால் மூன்று பேர் பேசினால் போதும், ஒருவர் சாலை, ஒருவர் வெள்ளம், ஒருவர் வீட்டு வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மேம்பாட்டு நிறுவனத்தின் ஆள் எதிரே இருப்பார், "பரிசீலிக்கிறோம்" என்று சொன்னால், எத்தனை வீடு, எந்தத் தேதி என்று கேட்டு அதைக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். வெளியே வந்ததும் வாசலிலேயே நின்று யார் என்ன சொன்னார்கள் என்று எழுதிவிடுங்கள், வீடு போய்ச் சேர்வதற்குள் பாதி மறந்துவிடும்.

கோலாலம்பூரில் இருக்கும் உறவுகளுக்கு: உங்களுக்குச் சட்டம் 172 இல்லை, கூட்டரசுப் பிரதேசத்துக்குத் தனியாக 1982ஆம் ஆண்டுச் சட்டம் 267 இருக்கிறது, மேலே சொன்ன நாள் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடி கட்டக் கொடுத்த அனுமதியை எதிர்த்த வழக்கின் 2023 ஏப்ரல் 18 தீர்ப்பைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் தோட்டம் போனபிறகு பல பத்தாண்டுகளாக நிரந்தர வீட்டுக்குக் காத்திருந்த நம் புக்கிட் கியாரா நீள்வீட்டுக் குடும்பங்களும் அதில் இருந்தார்கள், பூங்காவைக் காப்பாற்ற நின்ற குடியிருப்பாளர்களும் இருந்தார்கள். ஆட்சேபம் சொன்னவர்களைக் கேட்டுவிட்டு அனுமதி கொடுத்தால் ஏன் கொடுத்தோம் என்று காரணம் சொல்ல வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் சொல்லி, அனுமதியை ரத்து செய்தது. முடிவுக் கடிதம் வந்ததும் அதில் காரணம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் அன்றே எழுத்தில் கேளுங்கள், அந்தக் கடிதத்துக்கும் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.