டேலியா வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: முதலில் ரகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

‘டேலியா வைத்தேன், சரியாகப் பூக்கவில்லை’ என்று யாராவது சொன்னால், ‘என்ன ரகம்?’ என்றுதான் முதலில் கேட்பேன். ‘சிவப்பு’ என்றோ ‘பெரிய பூ’ என்றோ பதில் வரும். டேலியாவில் நடக்கும் பாதித் தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன. பாம்பாம் ரகத்தின் பூ 5 செ.மீ. அகலத்துக்குள் அடங்கிவிடும், இதழ்கள் தேன்கூட்டின் அறைகள் போல உள்ளே சுருண்டு உருண்டையாக இருக்கும். ‘கஃபே ஓ லே’ என்ற பெரிய பூ ரகமோ 20 செ.மீ.க்கு மேல் விரியும். தொட்டிக்கென்றே உள்ள குட்டை ரகங்கள் முழங்காலைத் தாண்டாது. உயர ரகங்களோ ஆள் உயரத்துக்குப் போகும். இவை எல்லாவற்றுக்கும் ஒரே இடைவெளி, ஒரே தொட்டி, ஒரே கவனிப்பு என்றால் எப்படிச் சரிவரும்?

பெரிய பூ ரகங்கள் பூக்கவே மூன்று, நான்கு மாதங்கள் ஆகலாம். வளரும் பருவம் குறுகலான இடங்களில் முதல் மொட்டு வருவதற்குள் குளிர் வந்துவிடும். அதனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பந்து வடிவ ரகங்களையும் பாம்பாமையும்தான் சொல்வேன். சீக்கிரம் பூக்கும், நிறையப் பூக்கும், மழையிலும் தலை கவிழாது. தேனீ வர வேண்டும் என்றால் ‘பிஷப் ஆஃப் லாண்டாஃப்’ போல நடுப்பகுதி திறந்த ரகம் ஒன்றாவது இருக்கட்டும். அடுக்கு இதழ்ப் பூக்களில் மகரந்தம் இதழ்களுக்குள் மறைந்துகிடக்கும்.

விதை வாங்கி அதே ரகத்தை எதிர்பார்ப்பது இன்னொரு ஏமாற்றம். பெரும்பாலான விலங்குகளிலும் பல செடிகளிலும் மரபுப் பண்புகளைச் சுமக்கும் குரோமோசோம்கள் இரண்டு தொகுதிகளாக இருக்கும். தோட்ட டேலியாவில் எட்டுத் தொகுதிகள். இத்தனை நிறமும் வடிவமும் அதிலிருந்துதான் வருகின்றன. விதையிலிருந்து வரும் ஒவ்வொரு செடியும் தனி ஆள். அது ஒரு அழகுதான், ஆனால் தாய்ச்செடியை அப்படியே பெற வேண்டும் என்றால் கிழங்கு அல்லது தண்டுக் குச்சிதான் வழி. நீல டேலியா என்று படம் போட்டு விற்றால் கடந்துபோய்விடுங்கள். அசல் நீல நிறத்தில் டேலியா கிடையாது.

கிழங்கு வாங்கும்போது பருமனைப் பார்க்காதீர்கள், கழுத்தைப் பாருங்கள். உருளைக்கிழங்கில் மேலெங்கும் கண் இருக்கும். டேலியாவில் பழைய தண்டோடு ஒட்டியிருக்கும் கழுத்துப் பகுதியில் மட்டும்தான் முளை வரும். கழுத்து ஒடிந்த கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. சுண்டுவிரல் அளவே இருந்தாலும் ஒரு கண் இருந்தால் போதும்.

அப்புறம் தண்ணீர். ஊன்றியதும் குடம் குடமாக ஊற்றுவது நம் கைப்பழக்கம். டேலியாவுக்கு அது ஆகாது. முளை வரும்வரை கிழங்குக்கு உறிஞ்சும் வேர் கிடையாது. சேமித்து வைத்த சத்திலும் ஈரத்திலும்தான் அது கிளம்பும். அந்த நேரத்தில் சொதசொதவென்று இருக்கும் மண்ணும் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும் குளிரும் சேர்ந்தால் கிழங்கு அழுகிவிடும். லேசான ஈரமுள்ள, வடிகால் நல்ல மண்ணில் 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில் படுக்கவைத்து மூடிவிட்டுப் பொறுமையாக இருங்கள். பச்சை தலைகாட்டிய பிறகு தண்ணீரைத் தொடங்கலாம். உயர ரகமாக இருந்தால் கம்பையும் ஊன்றும்போதே நட்டுவிட வேண்டும். செடி சாய்ந்த பிறகு கம்பு குத்தினால் அது கிழங்கைத் துளைத்துக்கொண்டுதான் இறங்கும்.

நுனி கிள்ள மனம் வராமல் விடுவதும் பெரிய தவறு. நான்கு ஜோடி இலைகள் வந்ததும் நடுக்குருத்தைக் கிள்ளினால், கீழே உள்ள இலைக்கணுக்களிலிருந்து பக்கக்கிளைகள் வரும். கிள்ளாத உயர ரகம் ஒற்றைத் தண்டாக ஏறி, உச்சியில் ஒரு பூவைத் தூக்கிக்கொண்டு காற்றில் ஒடியும். குட்டை ரகங்கள் தாமாகவே கிளைக்கும், அவற்றை விட்டுவிடலாம். மொட்டு விஷயத்திலும் அப்படித்தான். கிளை நுனியில் மூன்று மொட்டுகள் வரும். பெரிய பூ ரகத்தில் பக்கத்து இரண்டையும் எடுத்தால் நடுப்பூ முழு அளவுக்கு விரியும். சிறிய பூ ரகத்தில் அப்படி எடுத்தால் பூக்களின் எண்ணிக்கைதான் குறையும்.

செடி தளதளவென்று இருந்தும் பூ வரவில்லையா? தழைச்சத்து அதிகமாகிவிட்டதா என்று பாருங்கள். ஆறு மணி நேரமாவது வெயில் படுகிறதா என்றும் பாருங்கள்.

வாடிய பூவைக் கிள்ளும்போது நான் செய்த ஒரு தவறு இன்னும் உறுத்துகிறது. முதல் ஆண்டில், வாடிய பூ என்று நினைத்து வரிசையாக மொட்டுகளைக் கிள்ளி எறிந்தேன். இதழ் உதிர்ந்த பூவும் மொட்டும் தூரத்திலிருந்து ஒன்றுபோலவே தெரியும். விரலால் தொட்டுப் பாருங்கள்: மொட்டு உருண்டையாக, மேலே தட்டையாக, கெட்டியாக இருக்கும். முடிந்த பூ கூம்பு போல முனை நீண்டு, அழுத்தினால் மெத்தென்று அமுங்கும், சில நேரம் உள்ளிருந்து ஈரம் கசியும். கூம்பை மட்டும், அடுத்த இலைக்கணுவரை தண்டோடு வெட்டுங்கள். விதை பிடிக்க விட்டால் பூப்பது குறைந்துவிடும்.

வீட்டுக்குள் வைக்க மொட்டாக வெட்டாதீர்கள். ரோஜா போல டேலியா ஜாடியில் மலராது. காலையில், முக்கால்வாசிக்கு மேல் விரிந்த பூவாகப் பார்த்து, பின்பக்க இதழ்கள் இன்னும் விறைப்பாக இருக்கும்போது வெட்டுங்கள்.

இலையில் மஞ்சள் கோடுகளும் சுருக்கமும் வந்து செடி குறுகினால் வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை. சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வழியாகவும் வெட்டும் கத்தி வழியாகவும் பரவும். மனம் கேட்காதுதான், இருந்தாலும் அந்தச் செடியைக் கிழங்கோடு எடுத்துவிடுங்கள். அதிலிருந்து குச்சி எடுக்க வேண்டாம்.

உறைபனி விழும் இடங்களிலும் மண் நீர் கோத்து நிற்கும் இடங்களிலும் பருவம் முடிந்ததும் கிழங்கைத் தோண்டி வைக்க வேண்டும். தண்டைப் பிடித்து இழுத்தால் கழுத்து ஒடியும். சுற்றிலும் மண்ணை இளக்கி அடியிலிருந்து தூக்குங்கள். மரத்தூளில் புதைத்து, 5 முதல் 10 டிகிரி குளிர்ச்சியில் வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சுருங்கியிருந்தால் லேசாகத் தண்ணீர் தெளிக்கலாம். அழுகியதை வெட்டி எறிய வேண்டும்.

பூ செடியில் இருக்கும்போதே ரகத்தின் பெயரையும் உயரத்தையும் எழுதித் தண்டில் சீட்டு கட்டிவிடுங்கள். தோண்டிய பிறகு பாம்பாமும் ‘கஃபே ஓ லே’யும் கையில் ஒரே பழுப்புக் கிழங்குதான்.