வெட்டவில்லை என்றதும் நொதியை அள்ளி ஊற்றாதீர்கள்

ஆண்டுதோறும் ஆய்வகத்துக்குப் புது மாணவர்கள் வருகிறார்கள். நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். நொதியை ஐஸில் வைக்க மறப்பது, டியூபில் பெயர் எழுதாதது எல்லாம் ஒருமுறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். டிஎன்ஏவைக் குறிப்பிட்ட எழுத்து வரிசையில் வெட்டும் ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதியின் அமைப்பு புரியாததால் வரும் தவறுகள்தான் லேசில் போவதில்லை.

வெட்டவில்லையா, இன்னும் ஊற்று!

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். ஒரு மாணவியின் பிளாஸ்மிடில் (பாக்டீரியாவில் வளர்க்கும் வட்ட டிஎன்ஏ) எக்கோஆர்1 என்ற நொதி வெட்டும் இடம் ஒன்றே ஒன்று. டிஎன்ஏ துண்டுகளை நீளப்படி பிரிக்கும் ஜெல்லில் பாதி வெட்டுப்படாமல் நின்றது. மறுபடி 20 மைக்ரோலிட்டர் கலவை போட்டு, அதில் 5 மைக்ரோலிட்டர் நொதி சேர்த்து, இரவு முழுக்க 37 டிகிரியில் விட்டுப் போனார். காலையில் ஒரு பட்டை இருக்க வேண்டிய இடத்தில் நான்கு. பிளாஸ்மிடே தவறு என்று முடிவுகட்டி, மறுபடி வளர்த்து, எழுத்து வரிசையைப் படிக்க சீக்வென்சிங்குக்கு அனுப்பி, பணமும் நாளும் வீண். பிளாஸ்மிட் சரியாகத்தான் இருந்தது.

எக்கோஆர்1-இன் படிக அமைப்பு 1986-லேயே வெளிவந்துவிட்டது. ஒரே மாதிரியான இரண்டு புரத அலகுகள் ஜோடி சேர்ந்து டிஎன்ஏவைக் கவ்விக்கொள்கின்றன. அது தேடும் ஜிஏஏடிடிசி (GAATTC) என்ற எழுத்து வரிசையை எதிர் இழையில் அதன் திசையில் படித்தாலும் ஜிஏஏடிடிசிதான். அதனால் ஆளுக்கு ஓர் இழையை வெட்ட முடிகிறது. சரியான வரிசை அமைந்தால் நொதிக்கும் டிஎன்ஏவுக்கும் இடையே உள்ள நீர் வெளியே தள்ளப்படும், புரதம் டிஎன்ஏவின் எழுத்துகளான காரங்களோடு நேரடியாக ஹைட்ரஜன் பிணைப்பு போடும், மெக்னீசியத்தின் துணையோடு வெட்டு விழும். தவறான வரிசையில் நொதி உட்கார்ந்தாலும் இடையில் நீர் தங்கிவிடுகிறது. அங்கே வெட்டு விழாது.

இப்போது கணக்கைப் பாருங்கள். நொதி 50 சதவீதக் கிளிசராலில் வருகிறது. 20-க்கு 5 என்றால் கலவையில் 12.5 சதவீதக் கிளிசரால். அது அந்த இடைநீரை இழுத்துவிட, தவறான வரிசையோடும் நொதி நெருங்கிப் பொருந்துகிறது. ஆறில் ஓர் எழுத்து மாறிய இடங்களும் வெட்டுப்படும். ஸ்டார் ஆக்டிவிட்டி என்பது இதுதான். ஆறெழுத்து வரிசை சராசரியாக 4,096 எழுத்துக்கு ஒருமுறை வரும். முதல் எழுத்து எதுவானாலும் சரி என்றாகிவிட்டால் 1,024-க்கு ஒருமுறை. அளவுக்கு மீறிய நொதியும் நீண்ட நேரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

முதல் தடவை ஏன் வெட்டவில்லை? டிஎன்ஏவைச் சுத்தம் செய்யும் குழாயை (column) கழுவிய எத்தனால் டிஎன்ஏவோடு தங்கியிருந்தது. அதுவும் ஸ்டார் ஆக்டிவிட்டியைத் தூண்டக்கூடியது! நொதி, கலவையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டவே கூடாது. வெட்டாவிட்டால் டிஎன்ஏவைச் சுத்தம் செய்யுங்கள், கலவையின் அளவைக் கூட்டுங்கள். நொதியின் மேல் கைவைக்காதீர்கள்.

மெக்னீசியத்துக்குப் பதில் மாங்கனீசு

வெட்டும். கண்ட இடத்திலும் வெட்டும்.

பிசிஆரில் நகலெடுத்த டிஎன்ஏ துண்டின் விளிம்பிலேயே வெட்டிடம்

நொதி அந்த ஆறு எழுத்தை மட்டும் பிடிப்பதில்லை. இருபுறமும் டிஎன்ஏவின் முதுகெலும்பையும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. விளிம்பில் பிடிமானம் இல்லை. நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏவான பிரைமரில் வெட்டிடத்துக்கு முன்னால் ஆறு எழுத்து கூடுதலாகச் சேருங்கள்.

மெத்தில் குழுவை மறப்பது

எக்ஸ்பிஏ1 நொதியின் டிசிடிஏஜிஏ வரிசைக்குப் பின் டிசி வந்தால் அங்கே ஜிஏடிசி உருவாகிவிடும். சாதாரண ஈ. கோலை அதிலுள்ள ஏ-வில் மெத்தில் ஒட்டிவிடும். நொதியால் வெட்ட முடியாது. மெத்தில் ஒட்டும் டேம் நொதி இல்லாத ஈ. கோலை ரகத்தில் பிளாஸ்மிடை வளருங்கள்.

ஃபோக்1 நொதியின் வெட்டை அடையாள வரிசைக்குள் தேடுவது

அங்கே இருக்காது. அடையாளம் காணும் பகுதி வேறு, வெட்டும் பகுதி வேறு. அதனால்தான் 1996-இல் வெட்டும் பகுதியை மட்டும் எடுத்து டிஎன்ஏ வரிசையை அடையாளம் காணும் ஜிங்க் ஃபிங்கர் புரதத்தோடு இணைக்க முடிந்தது. அடையாள வரிசையான ஜிஜிஏடிஜி உள்ள இழையில் 9 எழுத்து தள்ளி, எதிர் இழையில் 13 எழுத்து தள்ளிப் பாருங்கள்.