பைக்கை நிறுத்தும்போது சாவி: புதிதாக ஓட்டுபவர்கள் செய்யும் தவறுகள்

சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதே என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லித்தான் வண்டியைக் கொடுக்கிறார்கள். அதை நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டறைக்கு வரும் வண்டிகளில் வேறு சில தவறுகள்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. லைசென்ஸ் வாங்கிய புதிதில் எல்லோரும் இவற்றைத்தான் செய்கிறார்கள்.

சிவப்பு பட்டனில் அணைத்துவிட்டு இறங்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். வலது கைப்பிடியில் இருக்கும் சிவப்பு சுவிட்சைத் தட்டினால் இன்ஜின் நிற்கும். சத்தம் அடங்கியதும் வண்டி ஆஃப் ஆகிவிட்டது என்று இறங்கிப் போய்விடுகிறார்கள். சாவி ஆனிலேயே இருக்கிறது. மீட்டரும் பின் விளக்கும் பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கின்றன. சில வண்டிகளில் ஹெட்லைட்டும் சேர்ந்து எரியும். 35 வாட் பல்பு ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். 5 ஆம்பியர்-அவர் பேட்டரி அதற்கு 2 மணி நேரம்கூடத் தாங்காது.

ஒரு காலேஜ் பையன் நல்ல வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். "அண்ணே, காலைல வரைக்கும் நல்லா இருந்துச்சு, இப்ப செல்ஃப் எடுக்கல" என்றான். பார்த்தால் சிவப்பு பட்டன் ஆஃப், சாவி ஆன். காலையில் ஸ்டாண்டில் விட்டவன் மதியம் வரை அந்தப் பக்கமே போகவில்லை. யாரும் வண்டியை எடுத்துப் போகாதது அவனுடைய நல்ல நேரம். 12.6 வோல்ட் காட்ட வேண்டிய பேட்டரி 8-க்கும் கீழே கிடந்தது. அதோடு போயிருந்தால் சார்ஜ் போட்டுப் பார்த்திருக்கலாம். வழியில் யாரோ உதவி செய்வதாக நினைத்து கார் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்திருக்கிறார்கள். பிளஸ் மைனஸ் மாறிவிட்டது. ஃபியூஸ் போனது, பேட்டரிக்கு சார்ஜ் கொடுக்கும் ரெக்டிஃபையரும் போனது. ஒரு சாவியைத் திருப்பியிருந்தால் முடிந்திருக்கும்.

இந்தப் பழக்கம் பெரும்பாலும் வீட்டில் மூத்தவர்களைப் பார்த்து வருவது. பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் பிளக்குக்கான கரண்ட் இன்ஜினோடு சுற்றும் மேக்னட்டிலிருந்தே வந்துவிடும். பேட்டரி செத்தாலும் கிக்கரை உதைத்தால் வண்டி கிளம்பும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை விதி வந்தபிறகு பெரும்பாலான வண்டிகள் கார்புரேட்டர் போய் எஃப்.ஐ. (ஃப்யூவல் இன்ஜெக்ஷன்) ஆகிவிட்டன. டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் கரண்டில்தான் ஓடும். பல மாடல்களில் கிக்கரே கிடையாது. பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டால், தள்ளி ஸ்டார்ட் செய்யப் பார்த்தாலும் பம்ப் ஓடாது. அப்புறம் தள்ளிக்கொண்டே வீடு போய்ச் சேர வேண்டியதுதான்.

சிவப்பு பட்டன் வண்டி கீழே விழும்போதும் ஆக்சிலேட்டர் சிக்கிக்கொள்ளும்போதும் கைக்குச் சட்டென்று எட்டுவதற்காக வைத்தது. அதில் அணைப்பது குற்றமில்லை. ஆனால் அதன் பிறகு சாவியையும் திருப்பி, கையில் எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.

தேய்ந்த சாவி

சாவி கையில் வந்துவிட்டால் வண்டி ஆஃப் என்று நம்பலாம், பூட்டு நல்ல நிலையில் இருக்கும்வரை. தேய்ந்துபோன பூட்டில் சாவி ஆனில் இருக்கும்போதே உருவிக்கொண்டு வரும். ரோட்டோரத்தில் வெட்டிய மட்டமான டூப்ளிகேட்டை நாள் முழுக்கப் பயன்படுத்தினால் இது சீக்கிரமே வரும். சாவியை எடுத்த பிறகு மீட்டரை ஒரு பார்வை பாருங்கள். எரிந்தால் பூட்டை மாற்றுங்கள்.

'பி' என்ற இடம்

சில வண்டிகளில் சாவித் துளையைச் சுற்றி ஆன், ஆஃப் போல 'பி' (பார்க்கிங்) என்றும் ஒரு இடம் இருக்கும். அங்கே திருப்பிச் சாவியை எடுத்தால் பார்க்கிங் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், பேட்டரி இறங்கும்.

ஹேண்டில் லாக்

சாவியை எடுத்தால் மட்டும் போதாது. லாக் போடாத வண்டியை அலுங்காமல் தள்ளிக்கொண்டு போய்விடலாம். ஹேண்டிலை இடது பக்கம் முழுசாகத் திருப்பி, சாவியை அமுக்கித் திருப்ப வேண்டும். விழவில்லை என்றால் ஹேண்டிலை லேசாக ஆட்டிப் பாருங்கள். பலத்தைக் காட்டினால் சாவி உள்ளேயே முறியும். டோக்கன் போடும் ஸ்டாண்டில் மட்டும் ஆளைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் வண்டியை நகர்த்தி அடுக்குவார்கள், லாக் போட்டிருந்தால் இழுத்துத்தான் நகர்த்துவார்கள்.

இரண்டு சாவியும் ஒரே வளையத்தில்

வேண்டவே வேண்டாம்.

வண்டி திருடுபோனால் இன்சூரன்ஸில் இரண்டு ஒரிஜினல் சாவியையும் கேட்பார்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் இன்னொன்றை வண்டியிலேயே விட்டீர்களா என்ற கேள்வி வரும். சாவியை விட்டுப்போன ஒரு லாரித் திருட்டு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023-ல்தான் இன்சூரன்ஸ் தொகையில் 75 சதவீதம் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. இரண்டாவது சாவியை வீட்டில் வையுங்கள். சீட்டுக்கு அடியிலோ சைடு பாக்ஸிலோ வேண்டாம். புது வண்டிச் சாவியோடு எண் பொறித்த சின்னத் தகடு வந்திருந்தால், அந்த எண்ணையும் எழுதி ஆர்.சி.யோடு வைத்துவிடுங்கள். சாவி தொலைந்தால் அந்த எண்ணை வைத்து ஷோரூமில் கேட்டுப் பார்க்கலாம். இல்லாவிட்டால் டேங்க் மூடி, சீட் பூட்டு எல்லாம் சேர்த்து லாக் செட் முழுசாக மாற்ற வேண்டி வரும்.