அயல்நாட்டுச் சாலையில் காவலர் கையூட்டுக் கேட்டால்

வெளிநாட்டில் தனியாக வண்டி ஓட்டும் பெண்ணைப் போக்குவரத்துக் காவலர் நிறுத்தினால், வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்தில் ஓரங்கட்டி, கண்ணாடியைப் பேசுமளவுக்கு மட்டும் இறக்குவது நல்லது. சாலைப் போக்குவரத்துக்கான 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படியான பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி ஓராண்டுக்கே செல்லும் என்பதாலும், சொந்த நாட்டு உரிமத்தோடு சேர்ந்தே மதிப்புப் பெறும் என்பதாலும், ஆவணங்களை முன்பே சரிபார்த்து வையுங்கள். கையூட்டுப் பேரம் பெரும்பாலும் ஆவணக் குறையிலிருந்துதான் தொடங்குகிறது.

“இங்கேயே முடித்துக்கொள்ளலாம்” என்ற பேச்சு எழுந்தால், மீறிய விதி எது, அபராதச் சீட்டு எங்கே என்று பணிவாக, சலிக்காமல் கேளுங்கள். சில நாடுகளில் சட்டப்படியே சாலையில் அபராதம் வசூலிக்கப்படுவதால், ரொக்கம் கேட்பதெல்லாம் கையூட்டு ஆகாது. ரசீது தர மறுப்பதைத்தான் கவனிக்க வேண்டும். நீங்களாகப் பணத்தை நீட்டாதீர்கள், கொடுப்பதும் பொதுவாகக் குற்றமே. அவசரம் காட்டாதவரிடம் பேரம் அதிகம் நீள்வதில்லை.

அபராதத்துக்குப் பதிலாகத் தொலைபேசி எண்ணோ தனிச் சந்திப்போ கேட்கப்பட்டால் (பெண்களிடம் கேட்கப்படும் இதுவும் கையூட்டே), நம்பகமான ஒருவரை அழைத்து இணைப்பிலேயே வைத்திருங்கள். காவல் நிலையத்துக்குச் செல்ல நேர்ந்தால், காவலரின் வண்டியில் ஏறாமல் உங்கள் வண்டியிலேயே வருவதாகக் கேளுங்கள். காவலரைப் படமெடுப்பது சில நாடுகளில் தடைசெய்யப்பட்டுள்ளதால், அடையாள எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்வதே பாதுகாப்பு. தடுத்து வைத்தால், துணைத் தூதரக உறவுகளுக்கான 1963 வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவைச் சுட்டி, உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் தெரிவிக்கக் கோருங்கள்.