உறுமிக்காரரை ஆட்டத்துக்குள் கொண்டுவருதல்: புதிய பாத்திர வகுப்பை வடிவமைத்துச் சமன்செய்யும் முறை

ஆளுக்கொரு பாத்திரமாகி மேசையில் பகடை உருட்டிக் கதையாடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்குச் சொந்தமாக ஒரு பாத்திர வகுப்பை (ஒரு வகைப் பாத்திரத்தின் தொழிலையும் சக்திகளையும் வரையறுக்கும் விதிகளை) எழுதத் தொடங்குபவர்களில் பலர், சக்திகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போய், எல்லாம் முடிந்த பிறகுதான் சமநிலையைப் பற்றி யோசிக்கிறார்கள். சமநிலையை முதலிலேயே யோசிக்க வேண்டும். அதையும் அதே மேசையில் அமரும் தோழர்களின் பாத்திரங்களோடு ஒப்பிட்டே யோசிக்க வேண்டும். அரக்கர்களின் பலத்தை, ஆட்டத்தை நடத்தும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) எந்த நேரத்திலும் கூட்டிக் குறைத்துவிடலாம். பக்கத்தில் இருப்பவரின் ஃபைட்டர் (போர்வீரர்) உங்கள் புதிய பாத்திரத்தால் வேலையற்றுப் போனால், அதை ஆட்டத்தின் நடுவே சரிசெய்வது மிகக் கடினம்.

வேறெந்த வகுப்பும் செய்யாத ஒரு செயலை உங்கள் வகுப்புக்குக் கொடுங்கள். சிங்கப்பூரில் கோயில் விழாக்களிலும் மேடைகளிலும் நாம் கேட்டு வளர்ந்த உறுமி மேளத்தை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு முகம் வளைந்த குச்சியால் தேய்க்கப்பட்டு உறுமுகிறது, மறுமுகம் அடிக்கப்படுகிறது. ஆகவே உறுமிக்காரர் என்னும் நம் புதிய வகுப்பினர், தாம் ஆடும் ஒவ்வொரு முறையிலும் (டர்ன்), எதிரியை அஞ்சவைக்கும் முகத்தையோ தோழரை ஊக்குவிக்கும் முகத்தையோ தேர்ந்தெடுக்கலாம். சண்டை நீள நீள அவருடைய ‘தாளம்’ என்னும் எண்ணிக்கை ஏறும். ஏற்கெனவே இருக்கும் பாணர் வகுப்பான பார்ட், வரம்புள்ள சேமிப்பிலிருந்து எடுத்து ஊக்கம் தருபவர். இவரோ சண்டைக்குள்ளேயே வலிமையைத் திரட்டுபவர். இத்தகைய வேறுபாடு உங்கள் எண்ணத்தில் இல்லையென்றால், முழு வகுப்பை எழுதாமல், இருக்கும் வகுப்புக்கு ஒரு துணைவகுப்பை எழுதுவதே நல்லது.

தாளத்தைச் சண்டைக்குள் திரட்ட வைப்பதற்கு நம் ஊர்ச் சூழலும் ஒரு காரணம். 2014-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் டிஎம் கையேடு, ஒரு சாகச நாளில் ஆறு முதல் எட்டு மோதல்கள் வரை நடக்கும் என்ற கணக்கை வைக்கிறது. வேலை முடிந்து சமூக மன்ற அறையிலோ புளோக்கின் கீழ்த்தளத்திலோ கூடி, கடைசி எம்ஆர்டி ரயிலுக்கு முன் கலைந்துவிடும் குழுவால், ஒரு மாலையில் ஓரிரு மோதல்களுக்கு மேல் ஆட முடிவதில்லை. டிஎம் ஒரு மாலையையே ஒரு சாகச நாளாக வைத்துக்கொண்டால், பெரும்பாலும் லாங் ரெஸ்ட் (நீண்ட ஓய்வு) எடுத்தால்தான் மீளும் மந்திரங்களை விசார்ட் (மந்திரவாதி) தயங்காமல் செலவழிப்பார். ஷார்ட் ரெஸ்டை (குறுகிய ஓய்வை) நம்பியிருக்கும் வகுப்புகள் பின்தங்கும். ஓய்வைச் சாராத தாளம், மோதல்கள் பல இருந்தாலும் ஓரிரண்டே இருந்தாலும் ஒரே மாதிரி இயங்கும். ஆனால் பெரும்பாலான சண்டைகள் மூன்று நான்கு சுற்றுகளில் முடிந்துவிடுவதால், உச்சச் சக்தி மூன்றாம் சுற்றிலேயே கைக்கு எட்ட வேண்டும். சண்டை முடிந்ததும் தாளம் பூச்சியத்துக்கு இறங்கும் என்றும் எழுதிவைக்க வேண்டும். இல்லையெனில், கதவைத் திறக்கும் முன்பே வெளியில் நின்று கொட்டித் தாளத்தை ஏற்றிக்கொள்வார்கள்.

சட்டகத்தை எளிதில் முடித்துவிடலாம்: ஹிட் டை டி8 (உயிர்ப்புள்ளிகளுக்கான எட்டுப் பக்கப் பகடை), இலகுவான கவசம், கான்ஸ்டிட்யூஷன் (உடல்திடம்), கரிஸ்மா (ஆளுமைக் கவர்ச்சி) ஆகிய இரண்டு சேவிங் த்ரோக்கள் (தீங்கிலிருந்து தப்ப உருட்டும் பகடை).

எண்களில்தான் பொறுமை தேவை. பாத்திரம் படிப்படியாக உயரும் நிலைகளில் முதல் நிலையில், +5 தாக்குதல் கூட்டலோடு ஆர்மர் கிளாஸ் (தாக்குதல் பட எட்ட வேண்டிய எண்) 13 உள்ள எதிரியை அடிக்க, டி20 என்னும் இருபது பக்கப் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அது 65 விழுக்காடு வாய்ப்பு. பெருவாள் ஏந்திய ஃபைட்டரின் 2டி6+3 சேதம் (இரண்டு ஆறு பக்கப் பகடைகளின் கூட்டுத்தொகையோடு 3), கிரிட்டிக்கலையும் (20 விழுந்தால் சேதப் பகடைகள் இரட்டிப்பாவதையும்) சேர்த்தால், ஒரு சுற்றுக்குச் சராசரி 6.85 ஆகிறது. டி8 ஆயுதமும் அதே +3 கூட்டலும் கொண்ட உறுமிக்காரருக்கு அது 5.1 தான். இடைவெளி 1.75. ஒரு தோழரின் தாக்குதல் பட்டால் 1டி4 கூடுதல் சேதம் என்று தாளத்துக்கு விதி எழுதினால், அதே கணக்கில் அதன் மதிப்பும் 1.75 ஆகும்; இடைவெளி அப்படியே நிரம்பிவிடுகிறது. அந்த விதியில் ‘ஒரு தோழர்’ என்பதை ‘எல்லாத் தோழர்களும்’ என்று மாற்றிப் பாருங்கள். தாக்கும் தோழர்கள் மூவர் இருந்தால் மதிப்பு 5.25 ஆகி, உறுமிக்காரர் ஃபைட்டரைத் தாண்டிவிடுவார். ஆறு பேர் உட்காரும் மேசையில் நிலைமை இன்னும் மோசமாகும். குழுவின் அளவோடு சேர்ந்து வளரும் எந்தச் சக்தியையும் நான் ஐயத்தோடுதான் பார்ப்பேன்.

ஐந்தாம் நிலை, வீட்டில் எழுதப்படும் வகுப்புகள் பெரும்பாலும் சறுக்கும் இடம். அங்கே ஃபைட்டருக்கு இரண்டாம் தாக்குதல் கிடைத்து, +7 கூட்டலோடு ஆர்மர் கிளாஸ் 15-க்கு எதிராக அவருடைய சராசரி ஏறத்தாழ 15 ஆகிறது. விசார்ட் 8டி6 சேதம் தரும் ஃபயர்பால் மந்திரத்தைப் பெறுகிறார். உறுமிக்காரர் அதே ஒற்றை அடியோடு நின்றால் அவருக்குக் கிடைப்பது 5.75 மட்டுமே. ஆகவே அந்த நிலையில் அவருக்கும் இரண்டாம் தாக்குதலைக் கொடுங்கள். கொடுத்தபின், 1டி4 கூடுதல் சேதம் ஒரு முறைக்கு ஒரு தடவைதான் என்று மறக்காமல் எழுதுங்கள்.

அஞ்சவைக்கும் முகத்தைச் சேதக் கணக்கால் அளக்க முடியாது. அச்சமுற்ற எதிரி, தன்னை அஞ்சவைத்தவர் கண்ணில் படும்போதெல்லாம் தாக்குதல்களில் டிஸ்அட்வான்டேஜ் (இருமுறை உருட்டிக் குறைந்த எண்ணையே எடுக்கும் நிலை) பெறுகிறான். அவரை நோக்கித் தானாக நெருங்கி வரவும் முடியாது. ஒற்றைப் பெரிய அரக்கனோடு நடக்கும் சண்டையை இது முழுவதுமாகக் கெடுத்துவிடக்கூடும் என்பதால், எதிரிக்கு ஒவ்வொரு முறையின் முடிவிலும் ஒரு சேவிங் த்ரோ கொடுங்கள். அதில் தப்பியவனை அந்தச் சண்டையில் மறுபடியும் அஞ்சவைக்க முடியாது என்றும் சேருங்கள்.

மிகச் சிறந்த சக்தியை முதல் நிலையில் வைக்காதீர்கள். வைத்தால், வேறு வகுப்பினர் ஒரே ஒரு நிலையை மட்டும் எடுத்துக்கொண்டு அதைத் தங்களுடையதாக்கிக்கொள்வார்கள்.

சோதனை ஆட்டத்தில் உறுமிக்காரராக நீங்கள் ஆடக் கூடாது. விதிகளை எழுதாத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, விளக்கம் எதுவும் சொல்லாமல், 1, 5, 11 ஆகிய நிலைகளில் தனித்தனியாக ஆடவிடுங்கள். அவர் எங்கே விதியை இருமுறை படிக்கிறார், அவருடைய முறைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது, மற்றவர்கள் எப்போது கைப்பேசியை எடுக்கிறார்கள் என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆட்டத்துக்கு முன் ஒரே ஒரு விதியை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. மாற்றிய தாளில் தேதியைக் குறித்து, ஆட்டம் தொடங்கும் முன்பே மேசையில் உள்ள எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்.