எழுத்தறிவு வகுப்பில் கேலியும் சிரிப்பும்: முதியோருக்குக் கற்பிக்கும் தன்னார்வலர்களுக்கு

2022 முதல் 2027 வரை நடைபெறும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில், 15 வயதைக் கடந்தும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆறு மாதங்களில் 200 மணி நேரம் கற்பிக்க வேண்டும். களை எடுத்துவிட்டு, அடுப்பையும் கவனித்துவிட்டு இரவு ஏழு மணிக்கு வந்து அமரும் ஒருவரை அத்தனை மணி நேரம் உட்கார வைக்க உங்களிடம் பிரம்பும் இல்லை, மதிப்பெண் பட்டியலும் இல்லை. நேற்று அங்கே சிரித்தோம் என்ற நினைவு இருந்தால்தான் அவர் இன்றும் வருவார். அதே சிரிப்பு தம்மை நோக்கி வந்ததாக அவருக்குத் தோன்றிவிட்டால், மறுநாள் முதல் அவருக்குத் தலைவலி, உறவினர் வருகை, மாட்டுக்குக் காய்ச்சல் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும்.

ஆகவே வகுப்பைக் கலகலப்பாக்க முயல்வதற்கு முன், அந்த ஊரில் யார் யாரைக் கேலி செய்யலாம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊர்களில் கேலிக்கும் முறை உண்டு. மாமன், மச்சான், கொழுந்தியாள் முறை உள்ளவர்கள் எவ்வளவு கடுமையாகப் பேசினாலும் அது விளையாட்டு. அந்த முறையில் இல்லாதவர் அதில் பாதியைச் சொன்னாலும் அது அவமதிப்பு. வெளியூரிலிருந்து வந்த தன்னார்வலருக்கு எந்த முறையும் இல்லை. முதல் இரண்டு வாரங்கள் நீங்கள் கேலி செய்யாதீர்கள். அவர்கள் உங்களைக் கேலி செய்ய இடம் கொடுங்கள். உங்கள் மெலிந்த உடம்பையோ, கல்யாணம் ஆகாததையோ, நாற்று நடத் தெரியாததையோ பற்றி ஒரு பாட்டி பேசத் தொடங்கினால், அன்றுதான் உங்களுக்கு ஒரு முறை கிடைத்தது என்று கொள்ளலாம்.

அழைக்கும் விதத்தில் சிறிதும் கவனக்குறைவு கூடாது. வயதுக்கேற்ப அக்கா, அம்மா, அப்பத்தா, அண்ணன், ஐயா என்று அழையுங்கள். பேசும்போது ‘நீங்கள்’ என்பதை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். அவர்கள் உங்களை ‘நீ’ என்பது பாசம். நீங்கள் அவர்களை ‘நீ’ என்பது இயல்பாகப் பழகுவது ஆகாது. பல ஊர்களில் தம்மைவிட நாற்பது வயது மூத்தவரைப் பெயர் சொல்லி ஒருமையில் அழைக்கும் வழக்கம் சாதியின் பெயரால் இன்னும் நீடிக்கிறது. ஒரு தெருவினரை ‘அக்கா’ என்றும் இன்னொரு தெருவினரைப் பெயர் சொல்லியும் அழைத்துவிட்டு, பிறகு எவ்வளவு நகைச்சுவையாகப் பேசினாலும் பயன் இல்லை; யார் எப்படி அழைக்கப்படுகிறார் என்பதை முதல் நாளிலேயே எல்லாரும் கணக்கிட்டிருப்பார்கள்.

உட்காரும் இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் பாயில் என்றால் நீங்களும் பாயில். நாற்காலி இருந்தால் முழங்கால் வலி உள்ளவருக்கு அதைக் கொடுத்துவிடுங்கள்.

சிரிப்புக்கான சரக்கை நீங்கள் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டாம். தமிழ் எழுத்துகளிலேயே அது நிறைய இருக்கிறது. 247 எழுத்துகளையும் அட்டவணையாகக் காட்டி மிரட்டுவதைவிட, ஒரு கால், ஒரு சுழி, ஒரு புள்ளி செய்யும் குறும்பைக் காட்டினால் அவை மறக்கவே மறக்காது. ‘பால்’ என்னும் சொல்லில் காலை விட்டுவிட்டு எழுதி, “கடைக்காரரிடம் இந்தச் சீட்டைக் கொடுத்தால் அரை லிட்டர் பல் தருவாரா?” என்று கேளுங்கள். ‘கொடி’க்கும் ‘கோடி’க்கும் கொம்பில் ஒரு சுழிதான் வேறுபாடு; கூரையில் பூசணிக் கோடி படர்ந்திருக்கிறது என்று எழுதிவிட்டால் அந்த வீட்டுக்கு வருமான வரிக்காரர்கள் வந்துவிடுவார்கள். தவலையில் சோறாக்கினேன் என்பதை லகரத்துக்குப் பதில் ளகரம் இட்டு எழுதினால் என்ன ஆகும் என்பதை அவர்களே சொல்லிக்கொண்டு பத்து நிமிடம் சிரிப்பார்கள். ஆய்த எழுத்தைப் பார்த்த ஒருவர், “இது மூன்று கல் அடுப்பு அல்லவா?” என்றார், அன்று முதல் எங்கள் வகுப்பில் அதன் பெயர் அடுப்பெழுத்துதான். இப்படி அவர்கள் இடும் பட்டப்பெயர்களைத் திருத்தாதீர்கள். பென்சில் பிடிக்கும்போது விரல் நடுங்கும் பெண்களுள் பலர் விடியற்காலையில் புள்ளி பிசகாமல் சிக்குக் கோலம் போடுகிறவர்கள். ‘ண’வுக்கு மூன்று சுழி, ‘ன’வுக்கு இரண்டு சுழி என்று சொன்னால் அவர்களுக்கு அது கோலப் பாடமாகவே கேட்கும்.

மேலே சொன்ன வேடிக்கைப் பிழைகள் எல்லாம் ஆசிரியர் கரும்பலகையில் வேண்டுமென்றே செய்பவை என்பதைக் கவனியுங்கள். கற்பவர் தம் நோட்டில் அதே பிழையைச் செய்தால் அது வேடிக்கை அன்று. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கொத்தனார் ஒருவர் தம் பெயரைப் புள்ளியே இல்லாமல் எழுதிக் காட்டியபோது, “புள்ளியையெல்லாம் கொசு தூக்கிக்கொண்டு போய்விட்டதா?” என்று கேட்டுவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், அவருடைய மருமகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒன்பது நாட்கள் அவர் வரவில்லை. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டால் அந்த அவமானத்தை மறுபடி பேச வேண்டியிருக்கும் என்பதால், வகுப்பில் பலகை கோணலாக இருப்பதுபோல் தோன்றுகிறது, வந்து பார்க்க முடியுமா என்று மட்டும் கேட்டேன். மறுநாள் ரசமட்டத்தோடு வந்தார். பலகை உண்மையிலேயே கோணலாகத்தான் இருந்தது. “இதனால்தான் வாத்தியார் எழுத்து சரிந்து போகிறது” என்று அவர் சொன்னதும் எழுந்த சிரிப்பு என் மேல் விழுந்தது. அவர் அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. ஆண்களும் பெண்களும் சேர்ந்து அமரும் வகுப்பில், மருமகள், தம்பி மனைவி போன்றோர் முன் தலைகுனிய நேருமோ என்ற அச்சம் ஆண்களுக்கு மிக அதிகம் என்பதையும் அன்று புரிந்துகொண்டேன்.

சில நேரங்களில் சிரிப்பு பாடத்தின் முட்டுக்கட்டையையே எடுத்துவிடும். படிவம் நிரப்பும் பாடத்தில் ‘கணவர் பெயர்’ என்னும் இடம் வந்ததும் மூத்த பெண்கள் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். கணவரின் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர்கள் அவர்கள். ஒரு அம்மா ஆறு விரல்களைக் காட்டி, பிறகு தம் முகத்தைத் தொட்டுக் காட்டினார். “ஆறுமுகம்!” என்று வகுப்பே கத்தியது, அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இந்த இடத்தில் பழைய வழக்கங்களைப் பற்றிச் சொற்பொழிவு செய்யத் தொடங்கினால் எல்லாம் கெட்டுவிடும். “வாயால் சொல்லத்தானே கூடாது, கையால் எழுதலாமே” என்று பக்கத்தில் இருந்தவர் எடுத்துக் கொடுத்தார். நான் எழுத்துகளைப் பலகையில் தனித்தனியாக இட்டேன். அவர் ஒரு சொல்லும் பேசாமல் ஐந்து எழுத்துகளையும் கோத்து எழுதிவிட்டார். எழுதியதை வாசிக்கும் பொறுப்பைப் பக்கத்துப் பெண்ணிடம் விட்டுவிடலாம். அடுத்த அரை மணி நேரம் மற்றப் பெண்கள் தத்தம் கணவர் பெயரை விடுகதையாகப் போட, மற்றவர்கள் எழுதிக் கண்டுபிடித்தார்கள்.

விடுகதை என்பது அவர்களிடம் ஏராளமாக உள்ள செல்வம். ஊரெல்லாம் சுற்றுவான், வீட்டுக்குள் வரமாட்டான் என்று ஒருவர் போட்டால், ‘செருப்பு’ என்று சொல்லாமல் எழுதிக் காட்ட வேண்டும் என்பது மட்டும் உங்கள் விதியாக இருக்கட்டும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பாட்டையும் வீதி நாடகத்தையும் எழுத்தறிவோடு சேர்த்தது. பல்லாயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதும் அந்த இயக்கத்தின் பகுதியாகத்தான். சைக்கிள் கற்கும்போது விழாதவர் யாரும் இல்லை. எழுத்தில் தடுமாறுகிறவருக்கு அந்த நாட்களை நினைவூட்ட, அதில் விழுந்தெழுந்த ஒருவர் உங்கள் மையத்திலேயே இருக்கக்கூடும். கதையை அவரே சொல்லட்டும்.

வங்கியில் பணம் எடுக்கும் படிவம், கடன் பத்திரம், மருந்துச் சீட்டு ஆகியவற்றைக் கற்பிக்கும்போது விளையாட்டை நிறுத்திவிடுங்கள். அவற்றில் ஏமாந்தவர்கள் உங்கள் எதிரில்தான் அமர்ந்திருப்பார்கள். ‘கைநாட்டு’ என்ற சொல்லை நகைச்சுவைக்காகவும் பயன்படுத்தாதீர்கள்; அது அவர்கள் வாழ்நாள் முழுவதும் வசையாகக் கேட்டுச் சலித்த சொல். இரட்டைப் பொருள் பேச்சில் மூத்த பெண்கள் உங்களை எளிதாகத் தோற்கடிப்பார்கள். கேட்டுக்கொண்டு சிரித்தால் போதும், பதிலுக்குப் போட்டியிட வேண்டாம்.

இறுதியில் 150 மதிப்பெண்களுக்கு ஒரு மதிப்பீட்டுத் தேர்வு உண்டு. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஒவ்வொன்றுக்கும் 50. அன்று பேரன் வயதுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூட அறையில் அமர்ந்து அவர்கள் வியர்த்துப்போய் இருப்பார்கள். அப்போது புதிதாக எந்த வேடிக்கையும் சொல்லத் தோன்றினால் அடக்கிக்கொண்டு, பென்சில் சீவிக் கொடுத்து, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டு வெளியே நில்லுங்கள். அடுப்பெழுத்து கேட்டிருந்ததா இல்லையா என்பதை வெளியே வந்ததும் அவர்களே சொல்வார்கள்.